சொல்லடைவு

முப்பத்தொரு வருசம்
சந்திப்பு ரயில் தபாலில் கடிதம் பிரித்தவன் நான்.
களக்காடு ஒரு குழி, முக்கூடல் ஒரு குழி,
விலாசம் மங்கினதற்கெல்லாம் கடைசியில் ஒரு குழி.
ஓய்வுக்குப் பின் சொற்களைப் பிரிக்கிறேன்,
பக்கத்துக்கு எட்டு ரூபாய்.

இப்போது கையில் இருப்பது
ராஜவல்லிபுரம் கோமதிநாயகம் பிள்ளை எழுதிய உரை.
அறுநூற்றுப் பன்னிரண்டு பக்கம். ஆள் போய் நாலு வருசம்.
கையெழுத்தை அப்படியே படமெடுத்து
அச்சுப் போடப் பார்க்கிறாள் மகள் உலகம்மை.
பின்னால் சொல்லடைவு இருந்தால்தான்
பல்கலைக்கழகத்தில் வாங்குவார்களாம்.

ஆணவம்: 14, 15, 88, பிறகு எங்கும்.
உப்பு, நீரில் கரைவது: 203.
கயிறு, பாம்பாய்த் தெரிவது: ஒன்பது இடம்.
மௌனத்தைப் பற்றி நாற்பது பக்கம் பேசியிருக்கிறார்.
'நான்' என்பதற்கு மட்டும் தனி நோட்டுப் போட்டேன்.
ஆயிரத்துச் சொச்சம்.
பொய்யான நான், மெய்யான நான்,
கேட்கிற நான், கேட்கப்படுகிற நான்,
எல்லாம் மேற்கோள் குறிக்குள்,
காலேஜ் ஆய்வுக்கூடத்துப் புட்டியில் தவளை மாதிரி.

நானூற்றுப் பன்னிரண்டில் அனுபவம் வருகிறது.
அதுவரை அடுக்கின பிரமாணமெல்லாம்
கொக்கிரகுளம் பாலத்தில் வண்டிகள் நிற்பதுபோல்
அங்கே வந்து நெருக்கிக்கொண்டு நிற்கின்றன.
ஓரத்தில், பென்சிலில், நுணுக்கி எழுதியிருந்தார்:
நான் பார்த்ததில்லை.

அன்றைக்கு மேற்கொண்டு வேலை ஓடவில்லை.
டீ குடித்துவிட்டு வந்து பார்த்தேன். அப்படியேதான் இருந்தது.

மறுநாள் பஸ் ஏறிப் போய்க் கேட்டேன்:
இதை வைக்கவா, அழிக்கவா?
உலகம்மை கண்ணாடியை மாற்றிப் போட்டுப் படித்தாள்.
இரண்டே சொல். அதற்கு அவ்வளவு நேரம்.

"கடைசி பதினோரு நாளு ஹைகிரவுண்டுல கெடந்தாக.
புஸ்தகம் கொண்டு போனேன், வேண்டாம்னுட்டாக.
காலையில ஜன்னல்ல வெயிலு விழும்லா,
அதப் பாத்து 'வந்துட்டியா'ம்பாக.
தெனமும். மொத தடவ பாக்குத மாதிரி.
மூளையில தண்ணி கோத்திருக்குன்னு டாக்டர் சொன்னாரு.
இருக்கும்."

இருக்கும் என்றுதான் நானும் சொன்னேன்.

திரும்பும்போது செப்பறையில் ஆற்றில் இறங்கி
முகம் கழுவினேன்.
ஒன்றும் நடக்கவில்லை. இப்போதே சொல்லிவிடுகிறேன்,
நாளைக்கு யாரும் வேறு மாதிரி எழுதக் கூடாது.
தண்ணீர் ஓடியது. அயிரை காலைக் கடித்தது.
எதிர்க்கரையில் ஒருத்தன் பைக்கைக் கழுவிக்கொண்டிருந்தான்;
எண்ணெய்ப் படலம் ஏழு நிறமாய் என் பக்கம் வந்தது.
இது எந்தச் சொல்லின் கீழ் வரும் என்று
பழக்கதோசத்தில் யோசித்தேன்.
யோசித்து முடிப்பதற்குள் அது
சீவலப்பேரிப் பக்கம் போய்விட்டது.

இரவு நோட்டைத் திறந்து
ஆயிரத்துச் சொச்சத்தையும் கோடு போட்டு அடித்தேன்.
உலகம்மை கோபிப்பாள். பல்கலைக்கழகம் வாங்காது.
எட்டு ரூபாய்க் கணக்கிலும் இது சேராது.
நடனத்துக்கும் நிட்டைக்கும் நடுவே
ஒரே ஒரு வரி மட்டும் விட்டேன்:

நான்: 412, ஓரத்தில்.

'வந்துட்டியா'வுக்குப் பக்க எண் இல்லை.
அதை, பழையபடி,
விலாசம் மங்கின குழியில் போட்டு வைத்திருக்கிறேன்.