நான்காவது கம்பம்

முதல் பேட்டியில் கருவியை அழுத்த மறந்துவிட்டேன்.
நாற்பது நிமிடம் பேசியிருந்தார் க்ளெனிஸ்.
பரவாயில்லை என்று
அதே சிரிப்புகளை அதே இடங்களில் வைத்து
மறுபடி சொன்னார்.
பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம். பழக்கம்.

கார்டிஃப் பேஸ்பால் வேறு.
அமெரிக்கப் படங்களில் பார்த்ததை மறந்துவிடுங்கள்.
பந்து தோளுக்குக் கீழிருந்துதான் வரும்.
மட்டைக்கு ஒரு பக்கம் தட்டை.
பதினோரு பேர், ஓடித் தொட நான்கு கம்பம்,
எத்தனை தொட்டாயோ அத்தனை ஓட்டம்.
இதைப் புரிந்துகொள்ளவே
எனக்கு ஒரு மழைக்காலம் போயிற்று.
அந்த ஊரில் மழைக்காலம் என்று
தனியாக ஒன்றும் கிடையாது.

செயின்ட் க்ளேர் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரி,
பெண்கள் அணி, 1962.
கல்லூரி இப்போது அடுக்குமாடி.
ஸ்கோர் புத்தகம் மட்டும் நெஸ்டாவிடம்,
பிஸ்கட் டப்பாவில், நூல்கண்டுகளுக்கு அடியில்.
நியூபோர்ட்டுடன் இறுதி ஆட்டம், ஜூலை.
அறுபத்து மூன்றுக்கு அறுபத்து நான்கு. தோல்வி.

அன்று இரவு பேருந்தில்
ஆளாளுக்கான ஓட்டங்களைக் கூட்டிப் பார்த்தேன்.
அறுபது வந்தது.
இறங்கி, நிறுத்தத்து விளக்கடியில் மறுபடி.
அறுபது.
பதினோராவது வரியில்
ஸ்கேல் வைத்து இழுத்த கறுப்பு மை.
அடித்தவளை அடித்துவிட்டார்கள்
(தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல் போதும்).
கீழே இருந்த மொத்தத்தைத் திருத்த மட்டும்
யாருக்கும் கை வரவில்லை.

அவளா, கனடா போனாள், என்றார் மைர்.
கனடா என்றுதான் சொன்னார்கள், என்றார் க்ளெனிஸ்.
நெஸ்டாவின் ஒலிப்பதிவில்
கரண்டி தட்டில் படும் சத்தம்,
பிறகு ஏழு வினாடி எதுவும் இல்லை,
பிறகு, "கருவியை நிறுத்து."
நிறுத்தினேன்.
அதற்குமேல் சொன்னதை எழுத அனுமதி கிடையாது.
ஒரு சொல் மட்டும்: அக்டோபர்.
சரி, இன்னும் இரண்டு: பெரிய மேலங்கி.

பெர்னடெட் க்ரிமின்ஸ்
கனடாவில் இல்லை.
ஸ்ப்ளாட்டில் இருந்தார்,
நெஸ்டா வீட்டிலிருந்து ஒரே பேருந்து, இருபது நிமிடம்.

பையில் காகிதக் கைக்குட்டை வைத்துக்கொண்டு போனேன்.
மென்மையாகக் கேட்பதற்கென்று
ஆறு கேள்விகளை எழுதி, இரண்டை அடித்து,
ஒன்றைத் திரும்பச் சேர்த்திருந்தேன்.
கயல் என்ற என் பெயரைக் கேல் ஆக்கினார்.
அவர்கள் மொழியில் அது சூறைக்காற்று.
இருக்கட்டும் என்றேன்.

இரண்டு மணி நேரம். ஆட்டம், ஆட்டம் மட்டுமே.
நியூபோர்ட் பந்துவீச்சாளியின் நீள விரல்கள்.
இரும்பாலைப் புகை மைதானத்தில் இறங்கும் மாலைகளில்
பந்தைக் கண்ணால் தேடக் கூடாது, காதால் தேட வேண்டும்.
மூன்றாவது கம்பத்தடியில் எப்போதும் சேறு.
கைப்பிடி இப்படி, இல்லை, கட்டைவிரல் உள்ளே.
கணப்படுப்பின் மேல்
அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவரின் படம்.
நான் பார்த்ததைப் பார்த்துவிட்டார்.
"அவனும் இடதுகை" என்றார்.
நீள விரல்களுக்குத் திரும்பிப் போய்விட்டார்.

ஆறு கேள்வியும் பையிலேயே கிடந்தன.

கிளம்பும்போதுதான் கேட்டார்,
நெஸ்டா எனக்கு எவ்வளவு போட்டிருக்கிறாள்?
கோட்டை அவருக்குத் தெரியாது போலிருக்கிறது.
அல்லது தெரியும்.
கூட்டிக் கழித்தால் மூன்று, என்றேன்.

எழுந்தார். முழங்காலில் பட்டை.
தேநீர்க் குடுவையைக் கம்பளத்தில் வைத்தார்,
சர்க்கரைக் கிண்ணத்தை ஜன்னலோரம்,
என் குடையைக் கதவருகே,
நான்காவதாக, நாற்காலியின் மேல்,
ஓடிக்கொண்டிருந்த என் பதிவுக் கருவியை.
ஓட முடியாது. நடந்தார்.
குடுவை. கிண்ணம்.
குடையருகே நின்று மூச்சு வாங்கினார்,
"இங்கேதான் சேறு."
பிறகு கையை நீட்டி

டொக்.

"நான்கு. எழுதிக்கொள்.
அன்றைக்கு நாங்கள் தோற்கவில்லை."

நடுவர் இறந்து இருபது வருடம்.
சான்று ஒரு புத்தகம், அதில் ஒரு கறுப்புக் கோடு.
நெஸ்டாவிடம் தொலைபேசியில் கேட்டேன்,
வெளிச்சம் போயிருந்தது என்றார்,
கண்ணாடி அணிய அப்போது வெட்கம் என்றார்.

என் ஆய்வேட்டில் அறுபத்து மூன்று என்றே இருக்கிறது.
வழிகாட்டிப் பேராசிரியர் விடவில்லை.
பெயரை முழுதாகப் போட்டிருக்கிறேன்,
க்ரிமின்ஸ், பெ.,
அடிக்குறிப்பில் நேரம் மட்டும்:
ஒரு மணி, நாற்பத்தேழு நிமிடம், பன்னிரண்டாவது வினாடி.
போட்டுக் கேளுங்கள்.