ஐந்தாம் வேற்றுமை

கொரிய மொழிக்கு இடமில்லை.
ஜப்பானியத்துக்கு நூற்றுப் பன்னிரண்டு பேர் வரிசையில்.
செவ்வாய் மாலை ஆறரைக்குக்
காலியாகக் கிடந்தது செக்.
பட்டத்துக்கு நான்கு புள்ளி குறைந்தது எனக்கு.
காதல் என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை.

"கடல் உண்டா அந்த ஊரில்?" என்றார் அப்பா,
பாசிர் பாஞ்சாங் துறைமுகத்துக்கு
இரவு வேலைக்குக் கிளம்பியபடி.
"இல்லை."
"கடலில்லாத ஊர்ப் பேச்சு உனக்கெதுக்கு?"
பூட்ஸின் கயிற்றை இறுக்கினார்.

முதல் வகுப்பில் முதல் சொல்:
அஹோய்.
கப்பற்காரர்கள் கூவுவது.
கடலே இல்லாதவர்கள்
மாடிப்படியில், டிராமில், ரொட்டிக்கடை வாசலில்
அப்படித்தான் அழைத்துக்கொள்கிறார்களாம்.
அடிவானம் முழுக்கக் கப்பல் நிற்கும் தீவில்
நாங்கள் கேட்பது
சாப்பிட்டாச்சா?

மொத்தம் ஒன்பது பேர்.
ப்ராகில் பியர் மலிவு என்று கேள்விப்பட்ட ஜுன் காய்.
பொம்மலாட்டம் படிக்கப் போகும் அஃபிகா.
பின்வரிசையில் ஒருவன்
எந்நேரமும் வேறு பாடத்தின் கணக்கைப் போடுவான்.
ஆசிரியை ஸ்தென்கா பனி ஊர்க்காரர்;
எங்கள் ஏர்கானுக்குப் பயந்து
கழுத்தைச் சுற்றி சால்வை.

குறிலும் நெடிலும் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு.
தலையில் ஒரு கோடிட்டால் நெடில், அவ்வளவுதான்.
பல்லும் பாலும் படித்தவனுக்கு இதிலென்ன?
இரண்டாம் வாரம் விழுந்தேன்.
ப்ர்ஸ்த், விரல்.
க்ர்க், கழுத்து.
வ்ல்க், ஓநாய்.
பலகை நிறைய
உயிரே இல்லாத மெய்கள்.
உச்சரிப்பைத் தமிழில் குறித்துக்கொண்டேன்,
புள்ளிமேல் புள்ளி வைத்து.
அம்மை போட்டாற்போல் ஆயிற்று நோட்டு.

மரணத்துக்கு என்ன சொல் என்று
ஜுன் காய் சும்மா கேட்டான்.
ஸ்ம்ர்த், என்றார்.
அதிலும் உயிர் இல்லை.
எனக்கு மட்டும் சிரிப்பு வந்தது.
ஏன் என்றார்கள்.
ஆங்கிலத்தில் விளக்கி முடிப்பதற்குள்
சிரிப்பும் செத்தது.

அப்புறம் அந்த எழுத்து.
ஆர் மேல் ஒரு கொக்கி.
ரகரம் உதறிக்கொண்டிருக்கும்போதே
ஷகரம் வந்து மேலே ஏறிக்கொள்ள வேண்டும்.
அவர்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கே
கடைசியில்தான் வாய்க்குமாம்.
குளியலறையில் பழகினேன்.
"வாந்தியா?" என்று தங்கை கதவைத் தட்டினாள்.

வேற்றுமை ஏழு, என்றபோது
வகுப்பு முனகியது.
எங்களிடம் எட்டு, என்றேன்.
உயர்நிலைப் பள்ளியில்
ஐ ஆல் கு இன் அது கண் என
மதிப்பெண்ணுக்கு மென்று
தேர்வுக் கூடத்திலேயே துப்பிவிட்டு வந்தது.
அங்கே வரிசை வேறு.
நம் கடைக்கோடி விளி
அவர்களுக்கு ஐந்தாவது.

அடுத்த வாரம்
திருத்திய தாள்களைக் கொடுக்கும்போது
ஒவ்வொரு பெயரையும் விளியில் அழைத்தார்.
அஃபிகோ.
பிறகு,
செலியனெ.

ழகரம் வரவில்லை அவருக்கு.
ஏகாரமும் குறிலாகத்தான் விழுந்தது.
ஆனாலும் அது நான்தான்,
செழியனே.

வீட்டில் நான் 'டேய்'.
ராணுவத்தில்
அடையாள அட்டையின் கடைசி நாலு இலக்கம்.
சோற்றுக்கடையில் 'பாஸ்'.
இருபத்து மூன்று வருடத்தில்
எட்டாம் வேற்றுமையில் என்னை
யாரும் கூப்பிட்டதில்லை.
சிராங்கூன் சாலைக் கோவிலில்
ஓதுபவர் வாயில்
சாமிக்கு மட்டும் வருவது அது.
இங்கே எனக்கு வந்தது,
இருபதுக்குப் பதினொன்றரை எடுத்த தாளோடு.
எழுந்து போய் வாங்கிக்கொள்ளக்
கொஞ்சம் நேரமாயிற்று.

ஒன்பதரை மணி, கிளெமென்டி.
நான்கு மொழியில் எச்சரிக்கும் ரயில்குரல்
தமிழுக்கு வந்தது.
இடைவெளியை, என்றது.
ஐ, என்றேன் உள்ளுக்குள்.
இரண்டாவது.
அங்கே நான்காவது.
இத்தனை வருடம் தாண்டிப்போன இடைவெளியில்
ஓர் எழுத்து நின்றிருக்கிறது.

ஜூரோங் ஈஸ்ட் வரைக்கும்
கொக்கி போட்ட ரகரத்தை
உதட்டுக்குள் உருட்டிக்கொண்டிருந்தேன்.
சத்தம் கசிந்திருக்க வேண்டும்.
பக்கத்து இருக்கை அம்மாள்
காய்கறிப் பையைத்
தன் பக்கமாக நகர்த்திக்கொண்டார்.