காலணி என்று எழுதியிருந்தேன்

ஐந்து குறும்படங்கள். மொத்தம் ஐம்பத்தெட்டு நிமிடம்.
கல்லடியில், பாலத்தடிக்குக் கிட்ட,
ஞாயிற்றுக்கிழமை பூட்டிக்கிடக்கும் ரியூசன் கொட்டில்.
வெண்பலகையில் யாரோ பாதியில் விட்ட
இரசாயனச் சமன்பாடு.
அழிக்கவேண்டாம் என்று சேர் சொன்னதால்
அதன்மேலேயே படுக்கைவிரிப்பைக் கட்டினோம்.

ஸ்பானிய மொழி எனக்குத் தெரியாது.
ஆங்கில வசனவரியிலிருந்து தமிழுக்குப்
பதினேழு இரவு இறக்கினேன்.
ஒரு வரிக்கு இரண்டு செக்கன்.
அதற்குள் அங்கே ஒரு மனிசி
மகனைத் திட்டி, மன்னித்து, சாப்பாடும் போட்டுவிடுகிறாள்.
தமிழில் திட்டவே ஐந்து செக்கன் வேணும்.

முதல் படத்தில் லிஃப்டுக்குள் அகப்பட்ட இரண்டுபேர்
ஒரு தோடம்பழத்தைப் பங்கிட்டார்கள்.
சிரிப்பு.
அடுத்ததில் ஒரு கழுதையின் பெயருக்குக் கடனட்டை வந்தது.
காத்தான்குடி அஃப்ஹாம் கச்சான் சரையைக்
கடைசி வாங்குவரை அனுப்பிவைத்தான்.
மூன்றாவது யாருக்கும் விளங்கவில்லை, எனக்கும்தான்:
ஒரு நீச்சல்தடாகம், ஓர் ஏணி, பதினொரு நிமிடம்.
ஆஸ்பத்திரித் தாதி யூடித் மட்டும்
“நல்ல படம்” என்றாள்.
ஏனென்று சொல்லவில்லை.

நான்காவதில் வசனவரி வரவில்லை.
பென்டிரைவைக் கழற்றிப் பூட்டினேன்.
எழுத்திருக்க வேண்டிய இடத்தில்
சதுரம் சதுரமாய்ப் பெட்டிகள்.
“பரவாயில்ல, ஓடவிடு மனே”
பின்னாலிருந்து ஒரு குரல்.

ஓர் அலுவலகம். ஃபேன். இரும்பு அலுமாரி.
வேர்த்து வந்தவளுக்கு எழுதுவினைஞன்
தோவாயா என்று ஒன்றை நீட்டினான்.
துவாய், என்றது இரண்டாம் வரிசை.
மேசா என்றான்.
மேசை!
யன்னலுக்கு வெளியே ஒரு பொடியன்
கூடையோடு பான் என்று கூவிப்போக
அரைவாசிக் கொட்டில் பாண் என்று கத்தியது.
எப்போதோ கப்பலில் வந்து
எங்கள் குசினிக்குள் குடியேறிய சொற்களின்
ஒன்றுவிட்ட தங்கச்சிமார்
படலையில் நின்று பெயர் சொன்னமாதிரி.

பிறகு அவன் ஒரு பெட்டியைத் திறந்தான்.
மேசையில் வைத்தான்.
ஒற்றை. இடது கால். லேஸ் இல்லை.
சபாத்தோ.

ஒருவரும் கத்தவில்லை.

கிரான்குளத்திலிருந்து மகளைக் கூட்டிப்போக வந்து
நேரம் கிடந்ததால் ஓரமாய் இருந்த இன்பவதியக்கா,
இடாப்பில் பெயர் கூப்பிட்டதுபோல,
“சப்பாத்து” என்றார்.

திரையில் அவள் அதைத் திருப்பினாள்.
அடியில் நாற்பத்திரண்டு என்றிருந்தது.
“எட்டு,” என்றார் இன்பவதியக்கா,
“எட்டாம் நம்பர்.”
மகள் அவருடைய பையை வாங்கித்
தன் மடியில் வைத்துக்கொண்டாள்.
அதற்குப்பின் மூன்று நிமிடம் படத்தில் பேச்சில்லை.
அந்த இடத்துக்கு என்னுடைய கோப்பிலும் வரியில்லை.

ஐந்தாவதையும் ஓட்டினோம். பகிடிப் படம்.
நல்ல படம்தான், கிடைத்தால் பாருங்கள்.
மழை தூறியது. கச்சான் கோதைக் கூட்டி அள்ளினோம்.
விரிப்பை அவிழ்த்தபோது சமன்பாடு
கொஞ்சம் அழிந்திருந்தது.

இரவு கோப்பைத் திறந்தேன்.
ஏழாம் நிமிடம், பன்னிரண்டாம் செக்கன்:
“இது உங்கள் மகனின் காலணியா?”
காலணி. இந்தப் பக்கம்
ஒருத்தருடைய காலிலும் ஏறாத சொல்.
அழித்துவிட்டுச் சப்பாத்து என்று அடித்தேன்.
ஓர் எழுத்துத்தான் கூடியது.
ஆனாலும் அந்த வரியை
இன்னும் நாலு செக்கன்
நிற்கவிட்டேன்.