நாற்பது மீட்டர் ஒயர்

மாடிப்படிக்குக் கீழே நிற்கிறது,
உங்கள் மைத்துனரின் சவுண்டு சர்வீஸிலிருந்து
திங்கட்கிழமை வரைக்கும் என்று வாங்கிவந்த ஜெனரேட்டர்.
இருபத்தொரு கிலோ.
கைப்பிடியில் இன்னும் யாருடைய கல்யாணத்து ஜிகினாவோ.

கூடாரம் ஏறியாயிற்று. பாய், அரிசி, எலுமிச்சை,
பிள்ளைகளின் தூண்டில், ஐந்து கேன் தண்ணீர்.
டிக்கியில் மிச்சம் ஒரே இடம்.
"வேணாம் ரமீசா, ஒரு ராத்திரிதானே" என்கிறீர்கள்.

ஒரு ராத்திரி எவ்வளவு நீளமென்று
உங்களுக்குத் தெரியாது மச்சான்.
நீங்கள் தூங்குகிறவர்.

முந்தின வருஷம் வாலிநோக்கத்தில்
மூச்சு மிஷினை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனோம்.
நிலா இல்லை. குறட்டை ஏறி ஏறி வந்து
சட்டென்று நின்றது.
எண்ணினேன். ஒன்பது. பத்து. பதினொன்று.
அந்த இடைவெளியில் ஒரு அலை
வந்து, உட்கார்ந்து, எழுந்து போனது.
பதினாறில் உங்கள் விலாவில் இடித்தேன்.
துருப்பிடித்த கதவு திறந்ததுபோல் தொண்டையில் ஒரு சத்தம்.
"என்ன?" என்றீர்கள்.
"ஒண்ணுமில்லை, நண்டு."
விடிவதற்குள் நாற்பத்துமூன்று நண்டுகள்.

காலையில் எல்லோரிடமும் சொன்னீர்கள்:
கடல் காத்து இருந்தா மிஷின் எதுக்கு,
எப்படித் தூங்கினேன் பார்!

போன வருஷம் இதைக் கொண்டுபோனோம்.
வாடைக் காற்று. புகை நம்மேல் படக்கூடாதென்று
கடலோரமாக வைத்தோம், பன்னிரண்டு மீட்டர் ஒயரில்.
ஆக, கடலுக்கும் நமக்கும் நடுவே
கரையொதுங்கிய மாவு மில் ஒன்று.
முகமூடி போட்ட உங்களைப் பிள்ளைகள் பைலட் என்றார்கள்.
நீங்கள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தீர்கள்,
கூடாரத்துக்கு ஏது சுவர்.

வள்ளத்துப் பையன்கள் இரண்டு பேர் வந்தார்கள்.
"அக்கா, ஒரு பாயின்ட் கிடைக்குமா?"
பத்து மணிக்குள் ஏழு போன், ஒரு டார்ச்.
"இந்தச் சத்தத்துக்கு மீன் இலங்கைக்கே போயிரும்" என்றான் ஒருவன்,
"ஆனா சார்ஜ் நல்லா ஏறுது."

அன்றைக்கு உங்கள் மூச்சு நிற்கவில்லை. தெரியும்.
ஆனால் எனக்குக் கேட்கவில்லை.
கடலும் கேட்கவில்லை.
இரண்டும் நலமாயிருக்குமென்று நம்பிக்கொண்டு படுத்திருந்தேன்.

மூன்றரைக்குப் பெட்ரோல் தீர்ந்தது.
அமைதிதான் என்னை எழுப்பியது.
கை முதலில் உங்கள் நெஞ்சுக்குப் போனது, காது பிறகு.
அப்புறம் கடல், முழுசாக,
அதுவரை யாரோ பிடித்துவைத்திருந்து விட்டதுபோல.
முகமூடியைக் கழற்றிவிட்டேன்.
இதை இன்றுவரை சொன்னதில்லை:
உடனே எழுந்து கேனைத் தேடவில்லை நான்.
கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு கிடந்தேன்,
கை வைத்த இடத்திலேயே இருக்க.
ஏழு. எட்டு.
ஒன்பதில்தான் டார்ச்சை எடுத்தேன்.

சத்தமில்லாத பேட்டரிப் பெட்டி ஒன்று இருக்கிறதாம்,
மதுரை டாக்டர் சொன்னது.
நாற்பத்தெட்டாயிரம்.
அதற்கு முன்னால் வரிசையில் நிற்கிறது
ஃபர்வீனின் ஹாஸ்டல் கட்டணம்.

சரி. தெருமுனை எலக்ட்ரிக்கல் கடை
இஷா வரை திறந்திருக்கும்.
நாற்பது மீட்டர் ஒயர், கனமானதாக.
மூடி போட்ட பிளக் ஒன்று.
இந்தத் தடவை கடலோரம் வேண்டாம்,
மேற்கே, தாழம்புதர் தாண்டி வைப்போம்.
பதினொன்றுக்கு முன்னால் கயிற்றை இழுக்க மாட்டேன்.
அதுவரை நீங்கள் தூங்கக்கூடாது,
பேசிக்கொண்டிருக்க வேண்டும்.

எழுந்திரிங்க. அந்தப் பக்கம் பிடிங்க.

"அவ்வளவு நேரம் எதைப் பத்திப் பேசுறது?"
குனிந்தபடி கேட்கிறீர்கள்.

நண்டைப் பத்தி, என்கிறேன்.