நிறைமேடை

புல்மோட்டை வீதியில், இறக்கம் முடியுமிடத்தில்
கம்பனி குவாட்டர்ஸ் இருந்தது. நாற்பத்தாறு வீடு,
ஒரு கன்டீன், ஒரு சைரன்,
லொறி ஏறி நிற்க ஓர் இரும்பு மேடை.
மேடைக்கு நான் கிளாக்கர்.

கறுப்பு மணல்.
பகலில் கால் வைக்க ஏலாது.
சோற்றில் கடிபடும், தொட்டிலில் கிடக்கும்.
கன்டீன் பிலோமினா தலை துவட்டினால்
துவாயில் ஒரு பிடி தேறும்.
உதுமாலெப்பையின் மகன் நூலில் காந்தம் கட்டி
நாய்க்குட்டிபோல இழுத்துப் போவான்;
வீடு சேர்கையில் அதற்கு மயிர் முளைத்திருக்கும்.

முதலில் நாளுக்கு ஒன்பது லொறி. பிறகு அறுபது.
சம்பள நாளில் கிண்ணியாத் தயிர்ச் சட்டிகளும்
திருகோணமலைச் சீட்டுக்காரனும் ஒரே பஸ்ஸில் வந்திறங்கும்.
சுமணபால ரேடியோ வாங்கினான்,
பிறகு ரேடியோவுக்கொரு மேசை,
மேசைக்கு அறை போதாதென்று
கம்பனியைக் கேளாமல் பின்சுவரை இடித்தான்.
இந்த மணலை என்ன செய்வார்கள் என்று ஒருநாள் கேட்டோம்.
வெள்ளைப் பெயின்ற், என்றார் இஞ்சினியர்.
எங்கள் நகக்கண்களைப் பார்த்துச் சிரித்தோம்.

ஒரு மாசியில் கப்பல் வெளியே மூன்று நாள் நின்றது.
உள்ளே வராமலே திரும்பியது.
விலை என்றார்கள். சண்டை என்றார்கள்.
அறுந்த மின்கம்பியைக் கட்ட யாரும் வரவில்லை.
சைரன் ஊதாத காலைகளிலும்
ஆட்கள் ஐந்து மணிக்கே எழுந்து
எதற்கு எழுந்தோமென்று வாசலில் நின்றார்கள்.

போனவர்கள் என் மேடையில் ஏறித்தான் போனார்கள்,
பாதை அப்படி.
கட்டில், அம்மி, இரண்டு ஆடு, பிள்ளைகள்:
உதுமாலெப்பை குடும்பம் மூன்று தொன் நானூறு,
உழவு இயந்திரத்தோடு.
எழுதினேன். துண்டு கிழித்துக் கொடுத்தேன்.
பிலோமினா அண்டாக்களைக் கைவண்டியில் தள்ளி வந்தாள்.
முள் அசையவில்லை.
சும்மா எழுதினேன், நூற்றைம்பது என்று.
மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டாள்.

போன ஆவணியில் பழைய இரும்புக்காரர் வந்தார்கள்.
தகரம் போனது, சைரன் போனது,
சுமணபால இடித்த சுவரின் கம்பியும் போனது.
மேடையைக் கடைசியாகக் கழற்றினார்கள்.
"இது எத்தனை கிலோ வரும், ஐயா?"
இருபத்தொரு வருடம் அதன் முன் உட்கார்ந்தவன்,
எனக்குத் தெரியவில்லை.
அதை நிறுக்க அதுதான் இருந்தது.

குத்துமதிப்பாய் ஒரு விலை பேசி முடித்தோம்.
இரும்பைத் தூக்கிய பள்ளத்தில்
கறுப்பு மணல்,
இடுக்குகளால் சிந்தியது,
எந்தக் கொப்பியிலும் நான் ஏற்றாதது,
முழங்கால் ஆழம்.