நூற்று நாற்பதுக்கும் நூற்று நாற்பத்தொன்றுக்கும் நடுவே

திஸா நதிப் படகுத்துறையில்
முக்காலியை மண்ணில் அழுத்தி நட்டேன்.
ஒரு கால் மட்டும் களிமண்ணுக்குள் இறங்கிக்கொண்டே போனது.
அதற்கு ஓடு ஒன்றை முட்டுக்கொடுத்தேன்.
ஜூன் பதினாறு, மாலை ஐந்தரை.

"பூவுக்கா, எனிக்கோ?" என்றான்
படகோட்டும் லோரின்ஸ்.
"பூவுக்குத்தான்."

இந்தப் பூச்சியை நாங்கள் பூ என்றே சொல்லிப் பழகிவிட்டோம்.
மூன்று வருடம் கரையின் களிமண்ணில்
குழாய் தோண்டிக் கிடக்கும்.
பிறகு ஒரு மாலை மேலே வரும்,
ஒரே ஒரு மாலை.
வாய் உண்டு, தின்னாது.
நேரமில்லை.

வந்தன.
முதலில் நாலைந்து.
அப்புறம் எண்ணுவதை விட்டுவிட்டேன்.
நீருக்கு மேல் ஒரு சாண் உயரத்தில்
வாலால் ஆற்றைக் கோடு கிழித்துக்கொண்டு
மஞ்சள் மஞ்சளாய்.
கம்பியின் நுனியில் பொத்தான்,
பொத்தான்மேல் என் கட்டைவிரல்.
அழுத்து. அழுத்து. அழுத்து.
எதையும் துரத்தவில்லை. குறிவைக்கவில்லை.
அசையாமல் நிற்கும் கேமராவின் முன்னால்
அசைகிறவை அசையட்டும் என்று விட்டுவிட்டேன்.

இரவு, கணினியில்
முந்நூற்றுப் பன்னிரண்டு படங்களை
மடித்த துணிபோல் ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கினேன்.
முதலில் நடுமதிப்பை எடு என்றேன்:
ஒவ்வொரு புள்ளியிலும்
அதிக நேரம் இருந்தது எதுவோ
அது மட்டும் மிஞ்சும்.

மிஞ்சியது ஆறு.
எண்ணெய் ஊற்றியதுபோல் வழவழப்பான,
யாருமே வராத ஆறு.
ஆயிரக்கணக்கில் வந்ததை
ஒன்றுகூட வரவில்லை என்று சாதித்தது கணினி.
கட்டுக்கம்பத்தில் ஒட்டிச் செத்திருந்த ஒன்று மட்டும்
ஆறு கால்களும் எண்ணும்படி
அத்தனை துல்லியமாய் இருந்தது.

மறுநாள் காட்டியபோது லோரின்ஸ் சொன்னான்:
"இதற்கு நீ நவம்பரில் வந்திருக்கலாம்."

அடுத்தது, வெளிச்சத்தை மட்டும் சேர் என்றேன்.
இப்போது போனது எதுவும் போகவில்லை.
எதிர்க்கரை வில்லோ நிழலின்மேல்
மஞ்சள் கோர்வைகள், முடிச்சுகள், சிக்கல்கள்.
அவன் நாய் மோர்ஜாவுக்கு ஒன்பது வால்.
ஒரு கோர்வையில் பதினேழு பூச்சிகள் எண்ணினேன்.
ஒன்றே பதினேழு முறையா,
பதினேழும் ஒவ்வொரு முறையா,
படத்துக்குத் தெரியாது.
எனக்கும்தான்.

"இதில் முதலில் வந்தது எது?" என்றான்.
"இதில் முதல் என்று ஒன்றில்லை."
"சரி. கம்பத்துக்கு இந்தப் பக்கம் மஞ்சள்,
அந்தப் பக்கம் மட்டும் ஏன் செம்பு நிறம்?"

நூற்று நாற்பதாவது படத்துக்குப் பிறகு
ஒன்று வந்து என் மணிக்கட்டில் உட்கார்ந்தது.
ஆண்.
முதுகு வெடித்தது.
உள்ளேயிருந்து அதுவே இன்னொரு முறை,
ஈரமாய், கொஞ்சம் கூடுதல் நீளமாய்.
வால் மட்டும் லேசில் வரவில்லை.
இழுத்தது, நின்றது, இழுத்தது.
கட்டைவிரலை அசைத்தால் விழுந்துவிடும்.
அசைக்கவில்லை.
நாலு நிமிடம் அந்தத் துறையில்
அசையாமல் இருந்தவர்கள்
கம்பம், முக்காலி, நான்.
வெயில் அதற்குள் ஒரு மடிப்பு இறங்கிவிட்டது.

பறந்துபோனது.
அழுத்தினேன்: நூற்று நாற்பத்தொன்று.
கோப்பு எண்கள் இடைவெளியில்லாமல் ஓடுகின்றன,
நடுவில் எதுவும் நடக்காததுபோல்.

"வெளிச்சம் மாறிவிட்டது" என்று மட்டும் சொன்னேன்.
அவன் தலையாட்டினான்.
சீட்டுக் கொடுக்கும் கூண்டில்
கட்டணப் பலகைக்குப் பக்கத்தில் ஆணியடித்து மாட்டினான்,
சற்றே கோணலாய்.
நாயின் வால்களைச் சிறுவர்கள் எண்ணுகிறார்கள்.
சிலருக்கு எட்டுதான் வருகிறது.

பூச்சி உரித்துப்போட்ட சட்டை
என் சட்டைக்கையில் ஒட்டியிருந்தது,
புகைபோல, நகக்கண் அளவு கனம்கூட இல்லாமல்.
ஞாயிற்றுக்கிழமை மறந்துபோய்த்
துவைத்துவிட்டேன்,
இரண்டையும்.