திருவுளச்சீட்டு

எண்ணி முடித்தபோது
நானூற்றுப் பன்னிரண்டுக்கு நானூற்றுப் பன்னிரண்டு.
டோரிஸ் கெம்மரர் ஒரு பக்கம்,
கல்குவாரிக்காரரின் மருமகன் மறுபக்கம்.
பென்சில்வேனியாவின் இந்த மேட்டில்
எங்கள் சபையில் ஞானஸ்நானம் பெற்றவர்கள்
அறுபத்து மூன்று பேர்.
ஒருவரும் போகவில்லை.
அன்று மக்காச்சோளம் ஒடித்துக்கொண்டிருந்தோம்.

செப்டம்பரிலேயே கேட்டாள் டோரிஸ்.
முட்டை வாங்க வந்தவள்
காசு கொடுத்தபின்னும் போகாமல் நின்றாள்.
"வெர்னா, என் வயலுக்கு மழை வேண்டி ஜெபிக்கிறாய்.
ஓர் ஓட்டுப் போட மாட்டாயா?"

ஞானஸ்நானத்தன்று ஒரு வாக்குக் கொடுத்துவிட்டேன்,
கொடுக்க இன்னொன்று இல்லை என்றேன்.
சொல்லும்போது நன்றாகத்தான் இருந்தது.
பதிவு விண்ணப்பம் ஒன்றை மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள்.
முட்டையை மறந்துவிட்டாள்.

எங்களுக்குக் காரணம் இல்லாமல் இல்லை.
ஐந்நூறு வருடம் முன்பு சூரிச்சில்
நகரசபை கூடி முடிவெடுத்துத்தான்
எங்கள் ஆட்களை ஆற்றில் அமிழ்த்தியது.
அமிழ்த்தியவர்களும் ஞாயிறன்று கோயிலுக்குப் போனவர்கள்தாம்.
வாளேந்துகிறவனைத் தேர்ந்தெடுக்கும் கைக்கும்
பிடியில் பங்குண்டு என்பார் ஏமோஸ்,
என் கணவர், எங்கள் போதகர்.

அவரை யாரும் ஓட்டுப் போட்டு வைக்கவில்லை.
மேசைமேல் ஏழு பாட்டுப் புத்தகங்கள்,
ஒவ்வொன்றும் நூலால் கட்டியது.
ஒன்றுக்குள் மட்டும் ஒரு துண்டுச் சீட்டு.
நான்காவதை எடுத்தார்.
பால் கறந்த கை, நாலு பேர் முன் பேசாத வாய்.
பிஷப் நூலை அவிழ்த்ததும்
பெண்கள் பக்கம் எல்லோரும் அழுதோம்,
தப்பித்தவர்களின் மனைவிமார்
கொஞ்சம் கூடுதலாகவே.

அந்த ஏழு பேர் எப்படி ஏழு பேரானார்கள் என்று
இந்த நவம்பரில்தான் யோசித்தேன்.
வரிசையில் போய், கதவிடுக்கில்,
பிஷப்பின் காதில் ஆளுக்கொரு பெயர் சொன்னோம்.
பெண்களும்.
நான் யார் பெயரைச் சொன்னேன் என்பதை
ஏமோஸிடம் இன்றுவரை சொன்னதில்லை.

சமமானால் என்ன செய்வார்கள் தெரியுமா?
கோர்ட்டில் ஒரு தோல்பைக்குள்
எண் போட்ட உருண்டைகளைக் குலுக்கி
இருவரையும் எடுக்கச் சொன்னார்களாம்.
அவனுக்கு இரண்டு, டோரிஸுக்கு ஒன்பது.
சின்ன எண்ணுக்கு ஜெயம்.

ஏமோஸ் கரண்டியைக் கீழே வைத்தார்.
"சீட்டா போட்டார்கள்?"
"உருண்டை."
"ஜெபித்துவிட்டா?"
"அதை யாரும் சொல்லவில்லை."
திருவுளம் என்று ஒரு சொல்
அவர் நாக்குவரை வந்தது, பார்த்தேன்.
சூப்போடு விழுங்கிவிட்டார்.

ஏப்ரலில் வெடி வைக்கத் தொடங்கினார்கள்.
வியாழன் பத்து மணிக்கு
அலமாரியில் கோப்பைகள் பேசிக்கொள்ளும்.
கிணற்றுத் தண்ணீர் வெளுத்து வருகிறது,
கன்றுக்கு வைக்கக்கூடக் கை தயங்குகிறது.
நம் குடியுரிமை மேலே இருக்கிறது
என்று பிரசங்கித்தார் ஏமோஸ்.
உண்மைதான்.
கிணறு கீழே இருக்கிறது.

அறுபத்து மூன்று பேரும் போயிருந்தால்?
பாதிப் பேர் குவாரிக்கே போட்டிருப்பார்கள்.
சரளை மலிவு, பையன்களுக்கு வேலை.
அதற்குப் பிறகு
முழங்காலிட்டு ஒருவர் பாதத்தை ஒருவர் கழுவும் நாளில்
யார் யாருக்கு முன் தொட்டியை வைப்பது?
இதையும் யோசிக்காமல் இல்லை.

டோரிஸ் இப்போதும் முட்டைக்கு வருகிறாள்.
எதையும் கேட்பதில்லை.
கேட்டுவிட்டால் தேவலை.

அந்த விண்ணப்பத்தை
மாவு டப்பாவுக்கு அடியில் போட்டு வைத்தேன்.
தாளை வீணாக்குவானேன் என்று
பின்பக்கத்தில் முட்டைக் கணக்கு எழுதிவந்தேன்.
நேற்று மாவெடுக்கப் போனால்
கணக்கு அடியில் கிடக்கிறது,
பெயர் எழுதும் கட்டம் மேலே பார்க்கிறது.
நான் திருப்பி வைக்கவில்லை.
வீட்டில் நாங்கள் இரண்டே பேர்.

இன்றைக்கு முட்டை முப்பத்தொன்று.
எங்கே எழுதுவது என்று தெரியவில்லை.